இரைச்சல் தின்ற வார்த்தை

ஜனவரி 20, செவ்வாய்

இன்றைக்கும் மைக்கில் அதே இரைச்சல். வனத்துறை ஜீப்பில் இருக்கும் வயர்லெஸ் செட்டைத்தான் நாங்கள் மைக் என்போம். குக்கர் விசில் அடிக்கும் முன் சீறுமே, அந்தச் சத்தம். அதற்குள்ளிருந்து கன்ட்ரோல் ரூம் பிலோமினா பேசுகிறாள். பாதிதான் காதில் விழுகிறது. மீதியை நானாக இட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும்.

வண்டியை அணைத்தால் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். செல்ஃப் மோட்டார் செத்துக் கிடக்கிறது. நாலு பேர் தள்ள வேண்டும். தோட்டத்துக்குள் ஆனை நிற்கும்போது தள்ளுவதற்கு யாரைக் கூப்பிட? ஆனையையா?

என்கூட வருவது வாச்சர் மருதன். மலையடிவாரத்துப் பழங்குடிப் பதிக்காரன். அவன் இறங்கி நடந்துபோய் ஆனை எங்கே நிற்கிறது என்று பார்த்து வாக்கி-டாக்கியில் சொல்வான். அதைக் கேட்டு வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கமாக ஆனையைத் திருப்புவது என்று நான் பார்த்துக்கொள்வேன். கண் அவனுடையது, காது என்னுடையது. காதுதான் இப்போது டமாரச் செவிடு.

மாலையில் வழக்கம்போல அவன் போன் டாஷ்போர்டில் சார்ஜில் கிடந்தது. பதியில் கம்பம் நட்டுப் பல வருஷம் ஆகிறது, கரண்டு மட்டும் வரவில்லை. ஹாஸ்டலில் படிக்கும் மகள் கலாமணி விளக்கு வைக்கும் நேரத்தில் அவனைக் கூப்பிடுவாள். "என்ன கொழம்பு, எத்தன தோசை" என்பதைத் தவிர அப்பனும் மகளும் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் அந்தப் போன் வராவிட்டால் அவனுக்கு ரோந்து ஓடாது.

ஜனவரி 22, வியாழன்

அப்பாஸ் பாய் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏரியல் அடியில பெயின்ட்டு மேலயே போல்ட்டு போட்டிருக்கானுங்க வேலண்ணா. இரும்பு இரும்பைத் தொட்டாத்தானே எர்த்து கிடைக்கும்?"

பெயின்ட்டைச் சுரண்டினார். ஃபியூஸ் பெட்டியிலிருந்து வந்த லைனை வெட்டிவிட்டு செட்டுக்கு நேராக பேட்டரியிலிருந்தே வயர் இழுத்தார். பானெட்டுக்கும் பாடிக்கும் இடையே ஒரு எர்த் பட்டையைப் போட்டார். ஏரியல் வயரை மற்ற வயர்களோடு சேராமல் தனியாக ஓட்டினார்.

மருதன் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தான். போனையும் சார்ஜரையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். பட்டறை ஆட்கள் மேல் அவனுக்கு நம்பிக்கை கிடையாது.

"வேற ஏதாச்சும் எக்ஸ்ட்ரா சொருகியிருக்கீங்களா? பாட்டு செட்டு, லைட்டு?" என்று பாய் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல பாய்."

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிலோமினாவைக் கூப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. "என்னங்ணா, மைக்கத் தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா?" என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்.

அதே நாள், மாலை

ரோந்து கிளம்பியதுமே இரைச்சல் வந்துவிட்டது. ஆத்திரத்தில் டாஷ்போர்டை ஒரு குத்து விட்டேன். கைதான் வீங்கியிருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

"ஆனை பள்ளத்துல" என்று மைக்கில் கேட்டது. ஓடைப் பள்ளத்தை அடைத்துக்கொண்டு நானும் மருதனும் கொசுக்கடியில் நின்றோம். இரண்டு பேரும் பட்டாசைக் கையில் வைத்துக்கொண்டு காத்துக் கிடக்கிறோம், ஆனை வந்தபாடில்லை. கடைசியில் பார்த்தால் பிலோமினா சொன்னது "ஆனை பள்ளத்துல இல்ல" என்று. அந்த "இல்ல" மட்டும் சீறலில் போய்விட்டது. அந்தப் பக்கம் ஆனைக்கூட்டம் ஒரு வாழைத்தோப்பை முடித்துவிட்டுப் பொறுமையாகக் காட்டுக்குப் போயிருக்கிறது.

தோப்புக்காரர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை எழுத முடியாது. மருதனுக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏனுங்ணா, இல்லாத ஆனைக்கு நாம காவலுங்களா?"

"சிரிடா சிரி. ஒரு நாளைக்கு இருக்கிற ஆனை இல்லைன்னு காதுல விழும், அன்னைக்குச் சிரிப்பியாம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜனவரி 30, வெள்ளி

மறுபடி பட்டறை. டைனமோவில் ஒரு கண்டென்சர் போட்டார் பாய். இன்றைக்கும் பட்டறையில் இரைச்சல் இல்லை. அவருக்கே குழப்பம். "டைனமோ எரைச்சல்னா ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க ஏறணும். உங்களுக்கு ஏறுதா?" என்றார். ஏறவில்லை, எப்போதும் ஒரே சீறல்தான் என்றேன். "அப்ப எஞ்சின் இல்லண்ணா. வேற எதுவோ இருக்கு. சத்தம் வர்றப்பவே கொண்டாங்க" என்றார். சத்தம் வருவது ரோந்தில். ரோந்தை விட்டுவிட்டு பட்டறைக்கு எப்படி வருவது?

ரேஞ்சரிடம் சொன்னேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து மைக்கைக் காதில் வைத்துக் கேட்டார். "நல்லாத்தானய்யா இருக்குது" என்றார். ஆபீஸ் வாசலில் எல்லாமே நல்லாத்தான் இருக்கும். செல்ஃப் மோட்டாருக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மருதன் செத்துவிட்டான்.

பிப்ரவரி 5, வியாழன்

நேற்று பேனாவைத் தொட முடியவில்லை. இன்று வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அதில் எழுதியதையே இங்கேயும் எழுதுகிறேன்.

சோளக்காட்டுக்குள் கூட்டம் இறங்கியிருந்தது. பொழுது சாயும் நேரம். போனை வண்டியில் சார்ஜில் விட்டுவிட்டு மருதன் வாக்கியோடு இறங்கினான். "புள்ள கூப்பிட்டா எடுத்து, அப்பன் வர்றான்னு சொல்லுங்ணா" என்றான். வரப்போரமாகக் குனிந்து மேட்டுக்குப் போனான். நான் கீழே, எஞ்சினை ஓடவிட்டு நின்றேன்.

மைக்கில் அவன் குரல் வந்தது. "குட்டி ரெண்டு கெடக்குதுங்ணா. வண்டி மேல வர." அதற்குமேல் சீறல்தான். எனக்குச் சந்தேகம் வந்தது. கன்ட்ரோலைக் கூப்பிட்டு, மருதன் என்ன சொன்னான் என்று கேட்டேன். பிலோமினா சொன்னாள், "வண்டி மேல வர." மறுபடி சீறல்.

இரண்டு பேர் சொல்லியாயிற்று. மேலே ஓட்டினேன்.

மேட்டில் ஏறியதும் லைட் வெளிச்சம் நேராகத் தாய் ஆனையின் மேல் விழுந்தது. அதற்கும் காட்டுக்கும் நடுவில் என் வண்டி. குட்டிகளோடு திரும்பிப்போக அதற்கு வேறு வழி இல்லை. அது எதிர்ப்பக்கம் திரும்பிய இடத்தில்தான் மருதன் நின்றிருந்தான்.

வாக்குமூலத்தில் எழுதாதது ஒன்று இருக்கிறது. எல்லாம் முடிந்து, ஆனை போய், ஆட்கள் வந்து தூக்கும்போது அவன் போன் அடித்தது. விளக்கு வைக்கும் நேரம். நான் எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அடித்தது. சார்ஜரோடு பிடுங்கி, அவன் சுற்றுவதுபோலவே பிளாஸ்டிக் பையில் சுற்றி, உடம்போடு போன ஆளிடம் கொடுத்துவிட்டேன்.

எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டிருக்கலாம். தோன்றியது. வண்டி மறுபடி கிளம்பாதோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வயர்லெஸ் டெக்னீஷியன் வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, லைட், வைப்பர், ஹாரன், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். சோளக்காட்டு மேட்டுக்கும் கூட்டிப்போனேன். அதே இடம், அதே நேரம்.

இரைச்சல் இல்லை. பொட்டுக்கூட இல்லை.

"செட் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. பொய் சொல்கிறான், பாவம், கூட்டாளி செத்த வருத்தம் என்று நினைத்திருப்பார்.

பிப்ரவரி 11, புதன்

பிலோமினாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரைச்சல் இல்லை என்றால், நான் கேட்டதுதான் அவள் சொன்னது என்று ஆகிறது. மருதன் சொன்ன "வர வேண்டாம்" என்பதைத் திருப்பிச் சொல்கையில், வாயில் "வேண்டாம்" வருமுன் மைக் பட்டனை விட்டிருப்பாள் என்கிறார் ரேஞ்சர். ஒப்பந்தக்காரி, கேட்க நாதியில்லை. விசாரணை முடியும்வரை என்று சொல்கிறார்கள். முடிந்தால் நிரந்தரமாக வீட்டில்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி

பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போயிருக்கலாம், கால் நின்றுவிட்டது.

"அம்மிணி, நல்லா இருக்கியா?"

"எப்படிங்ணா நல்லா இருப்பேன்? தண்ணி புடிக்கப் போனா, ஒரு வார்த்தையில ஆளைக் கொன்னவ இவதான்னு காட்டறாங்க." குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. கோபம். "மருதண்ணன் சொன்னது எனக்குத் தெளிவாக் கேட்டுதுங். வர வேண்டாம்னு. நானும் வர வேண்டாம்னுதான் சொன்னேன். எங்க ஊட்டுக்காரர் முன்னால, மாதா முன்னால, எங்க வேணா சொல்லுவேன்."

"எனக்கு வேண்டாம்ங்கறது கேக்கல அம்மிணி. எரைச்சல்."

"அந்த எரைச்சல் எங்கீங்ணா இப்போ? அதக் காட்டுங்க. இல்லாத எரைச்சலுக்கு நான் எங்க போறது?"

பஸ் வந்தது. ஏறும்முன் திரும்பிச் சொன்னாள். "நம்ம பேச்சுல வேண்டாங்கறதும் இல்லங்கறதும் கடைசியிலதான வருது. கடைசியில எல்லாருக்கும் கொரல் எறங்கிப் போயிருது. எனக்கு அது முன்னாடியே தோணியிருக்கோணும்."

அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டுமாம். பள்ளத்தில் கொசுக்கடியில் நின்றவன் நான்.

பிப்ரவரி 16, திங்கள்

உலகத்தில் எல்லாரும் மைக் இரைச்சலைப் போக்கப் பாடுபடுவார்கள். நான் அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாய் போட்ட எர்த் பட்டையைக் கழற்றினேன். கண்டென்சரைக் கழற்றினேன். பேட்டரி வயரைப் பழையபடி ஃபியூஸ் பெட்டியில் கொடுத்தேன். பாய் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்போதும் செட் சுத்தமாகப் பேசுகிறது. புதிதாக வந்த கன்ட்ரோல் ஆள் மழைநிலவரம் சொல்கிறான், ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுகிறது. அழுகை வந்தது. வெட்கமில்லாமல் பட்டறையிலேயே அழுதேன்.

பிப்ரவரி 19, வியாழன்

பதிக்குப் போனேன். சடங்கு. மருதன் மனைவி ரங்கி எனக்கு எல்லாரோடும் சேர்த்துச் சோறு போட்டாள். கலாமணி லீவில் வந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது ரங்கி அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள்.

"போனு செத்துக் கெடக்குதுங்க. புள்ள நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போயிரும், பேசோணும். வண்டியில போட்டுக் குடுக்கறீங்களா?"

"தா. போட்டுக் கொண்டாறேன்."

"சார்ஜரும் அதுலயே இருக்குதுங்க. பொங்கலுக்கு நீங்க வாங்கிக் குடுத்தீங்களே, அதுதான். அதுக்கு முன்னால எஸ்டேட் கேட்டுக்குப் போயி கெஞ்சித்தான் சார்ஜ் போடுவாரு. புள்ள கூட தெனமும் பேசறதே உங்களாலதாங்கன்னு சொல்லிட்டே இருப்பாருங்க."

ஆமாம். பொங்கல் சந்தையில் நடைபாதைக் கடையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இந்த டைரியில் அதை எழுதவில்லை. பெரிய உபகாரம் என்று எழுதிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

அதே நாள்

பதியிலிருந்து இறங்கும் வழியில் சார்ஜரைச் சொருகிப் போனை மாட்டினேன். மைக் சீறியது.

பிடுங்கினேன், நின்றது. சொருகினேன், சீறியது. ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, கை ஓயும்வரை சொருகிப் பிடுங்கி, சொருகிப் பிடுங்கிப் பார்த்தேன். வண்டி அணைந்தால் சார்ஜர் அணையும், அதனால் எஞ்சின்தான் என்று நினைத்திருக்கிறோம். பட்டறையில் அது மருதன் சட்டைக்குள் இருந்தது. டெக்னீஷியன் வந்தபோது அவன் வீட்டில் இருந்தது.

போன வருஷம் இந்த மைக்கில் இரைச்சலே இல்லை. பொங்கலுக்கு அப்புறம்தான்.

பிப்ரவரி 20, வெள்ளி

சார்ஜரை ஆற்றில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 21, சனி

போடவில்லை. பாலத்தில் நின்றேன், அவ்வளவுதான். வீட்டுக் கரண்டில் வேறு சார்ஜரில் அவன் போனை ஏற்றினேன். திரையில் கலாமணி பள்ளி உடுப்பில் நிற்கிறாள்.

யோசித்துப் பார்க்கிறேன். வாய் திறக்காமல் இருந்தால் பிலோமினா போவாள், காலமெல்லாம் கொலைகாரி என்று பெயர் இருக்கும். திறந்தால் சார்ஜர் யாருடையது என்று கேட்பார்கள். மருதனுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன் அவனுடையது, பையும் அவனுடையது, எல்லாரும் நம்புவார்கள். செத்தவன் எழுந்துவந்து மறுக்கப் போகிறானா? அப்புறம் ஃபைலில் எழுதுவார்கள், வாச்சர் தன் சாவைத் தானே தேடிக்கொண்டார் என்று. கலாமணி ஒரு நாள் அதைப் படிப்பாள். தான் தினமும் கூப்பிட்டதால்தானே அப்பா போனை சார்ஜில் போட்டார் என்று கணக்குப் போடுவாள்.

பயமாக இருக்கிறது. வேலை போகும் என்ற பயம் இல்லை என்று எழுதினால் பொய். அதுவும் இருக்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து விசாரணைக்கு ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார். சோளக்காட்டு மேட்டுக்கு வந்தால் இரைச்சலைக் காட்டுகிறேன், பிலோமினாவைக் கன்ட்ரோலில் உட்காரவையுங்கள் என்று கேட்டேன். ரேஞ்சர் முறைத்தார். அந்த அம்மா, "பார்த்துரலாம்" என்றார்.

மேட்டில் வண்டியை நிறுத்தினேன். சோளம் மிதிபட்ட இடத்தில் புதுப்புல் முளைத்திருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் சார்ஜரைச் சொருகி, போனை மாட்டினேன். எஞ்சின் ஓடியது.

"கன்ட்ரோல், அன்னைக்குச் சொன்னதச் சொல்லு அம்மிணி."

"வண்டி மேல வர." சீறல்.

அந்த அம்மா முன்னால் குனிந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "வண்டி மேல வர." சீறல்.

நான் சார்ஜரைப் பிடுங்கினேன். "மறுபடி சொல்லு."

"வண்டி மேல வர வேண்டாம். வேண்டாம்ங்ணா. வேண்டாம்." அவள் நிறுத்தவில்லை. யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி முழுக்க அந்த ஒரே வார்த்தை. காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"யாரோட சார்ஜர் இது?" என்று அந்த அம்மா கேட்டார்.

ரேஞ்சர் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போனார் என்று தெரியும்.

"என்னுதுங்க" என்றேன். "நான் வாங்குனதுங்க. நான்தான் வண்டியில போட்டு வெச்சிருந்தேன்."

பிப்ரவரி 26, வியாழன்

பிலோமினா நாளை வேலைக்குப் போகிறாள். என்னிடம் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மேற்கொண்டு என்ன என்று ஃபைல் வந்தால் தெரியும். இனி மைக்கில் யாரும் "வேண்டாம்", "இல்லை" என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்று போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பிலோமினா கேட்டு வாங்கியது.

பஸ்ஸில் பதிக்குப் போனேன். போனை ரங்கியிடம் கொடுத்தேன். அப்புறம் சொன்னேன். சார்ஜர், சீறல், நான் வண்டியை ஏற்றியது, அவன் வேண்டாம் என்று சொன்னது, எல்லாம். யாரோ சொல்லிக் கேட்பதைவிட நான் சொல்லிக் கேட்கட்டும் என்றுதான் போனேன். சொல்லி முடிக்கும்போது என் குரலும் இறங்கிவிட்டது.

அவள் போனை முந்தானையில் துடைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத" என்றாள். "இதப் புள்ளகிட்டச் சொல்ல."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. என்ன வரும் என்று எனக்குத் தெரியும் போலத்தான் இருந்தது. சொல்லோணும், சொல்லீருங்க, எதுவாகவும் இருக்கலாம். நானாக எதையும் இட்டுக்கட்டவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேண்டாமுங்க" என்றாள்.